கொக்குக்கு எத்தனை எழுத்து?

எவர்சில்வர் தாம்பாளத்தில் சலித்த ஆற்று மணலை அரை விரற்கடை உயரத்துக்குப் பரப்பியிருக்கிறார்கள். அதன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவன் மூன்றாம் வகுப்புப் பையன். எதிரில், வாரத்தில் இரண்டு நாள் வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர். திண்டிவனத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் அரசுப் பள்ளி அது. குழாயடியில் சத்துணவுத் தட்டு கழுவும் சத்தம் இன்னும் ஓயவில்லை.

“கொக்கு, சொல்லு.”

“கொக்கு.”

“தட்டிச் சொல்லு.”

பையன் தொடையில் தட்டுகிறான். “கொ… க்… கு.” மூன்று தட்டு. பிசகே இல்லை.

டீச்சர் அட்டையைத் திருப்பிக் காட்டுகிறார். பெரிய எழுத்தில் அதே சொல். பையனின் உதடு அசைகிறது. “கெ… ர… க்…” அத்தோடு நிறுத்திவிட்டு அட்டையை விட்டு டீச்சர் முகத்தைப் பார்க்கிறான். முகத்தில் ஏதாவது விடை தெரிகிறதா என்று தேடும் பார்வை அது. இரண்டு வருஷமாக வகுப்பில் இப்படித்தான் சமாளித்திருக்கிறான்.

அவன் என்ன தப்பு செய்தான் என்று அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். காதுக்குக் கொக்கு மூன்று எழுத்து. கண்ணுக்கோ ஐந்து உருவம்: ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால், புள்ளி வைத்த க், கடைசியில் வால் சுழித்த கு. துணைக்கால் பார்ப்பதற்கு ‘ர’ மாதிரியே இருக்கிறது. அதைவிடச் சிக்கல், கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் அதன் ஒலி க-வுக்குப் பின்னால்தான் பிறக்கிறது. கண் முதலில் பார்த்ததை வாய் பிறகுதான் சொல்ல வேண்டும். அதற்குள் துணைக்காலையும் கூட்டிக்கொண்டு ‘எ’ என்பதை ‘ஒ’ என்று மாற்றிக்கொள்ளவும் வேண்டும். ஐந்து வயதில் இதையெல்லாம் ஒரு மழைக்காலத்துக்குள் தாண்டி வந்தவர்கள்தான் நாம். தாண்டியது நினைவில்லை. அதனால்தான் தாண்ட முடியாமல் நிற்கும் பிள்ளையைப் பார்த்து, “எழுத்துக்கூட்டிப் படிடா, அதுகூடவா தெரியாது?” என்று கேட்டுவிடுகிறோம்.

எழுத்துக்கூட்டுவதுதான் அவனால் முடியாத காரியம்.

டிஸ்லெக்சியா என்ற சொல் 2007-ல் ‘தாரே ஜமீன் பர்’ படம் வந்த பிறகு நம் வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. கூடவே ஒரு தப்பான எண்ணமும் நுழைந்தது: எழுத்துகள் அந்தப் பிள்ளைக்குத் தலைகீழாகத் தெரிகின்றன, நடனமாடுகின்றன, ஆகவே இது கண் கோளாறு என்பது. கண் மருத்துவரிடம் அழைத்துப் போகிறார்கள், கண்ணாடி மாற்றுகிறார்கள், நிறக் கண்ணாடித் தாளைப் புத்தகத்தின் மேல் வைத்துப் பார்க்கிறார்கள். கண் பயிற்சிக்கும் நிறத்தாளுக்கும் இதில் பலன் உண்டு என்பதற்குச் சரியான சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கண் மருத்துவர்கள் சங்கமும் சேர்ந்து 2009-லேயே அறிக்கை விட்டன. பெற்றோர் இன்னும் இவற்றுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு வயது அதிகம். டிஸ்லெக்சியா என்று பெயர் வைத்த ருடால்ஃப் பெர்லின் ஜெர்மனியின் கண் மருத்துவர், வருஷம் 1887. ஒரு பள்ளிப் பிள்ளையின் கதையாக இது மருத்துவ இதழில் வந்தது 1896 நவம்பரில். இங்கிலாந்தின் கடலோர ஊரான சீஃபோர்டில் மருத்துவராக இருந்த பிரிங்கிள் மார்கன், பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். கணக்கில் சுறுசுறுப்பு, விளையாட்டில் சுறுசுறுப்பு. ஏழு வயதிலிருந்து வீட்டிலும் பள்ளியிலும் பாடம் சொல்லியும் படிக்க மட்டும் வரவில்லை. வாய்மொழியாகவே எல்லாப் பாடமும் நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். தன் பெயரை எழுதச் சொன்னபோது பெர்சி ஓர் எழுத்தை இடம் மாற்றி எழுதினான். ஒரு தடவைக்கு மேல் சுட்டிக்காட்டும்வரை, எழுதியது தப்பு என்று அவனுக்குத் தெரியவில்லை.

பெர்சியின் கண்ணில் கோளாறு இல்லை. இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கோளாறு இருக்கும் இடமாகக் காட்டுவது ஒலியை. பேச்சை நாம் முழுதாகக் கேட்கிறோம். ‘மரம்’ என்ற ஓசை ம, ர, ம் என்று பிரியும் என்பது பேசுவதற்குத் தேவையில்லை, படிப்பதற்குத்தான் தேவை. பேச்சு தானாக வருவது. படிப்பு அப்படி வருவதில்லை, ஒவ்வொரு மூளையும் புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டிய பாதை அது. மூளையின் இடப்பக்கம், பின்பகுதியில், உருவங்களை அடையாளம் காணும் ஓர் இடம் படிக்கப் பழகப் பழக எழுத்துக்கென்று ஒதுக்கப்படுகிறது. பிரெஞ்சு ஆய்வாளர் ஸ்டானிஸ்லாஸ் தெஹேன் இதைப் பல ஆண்டுகளாக விளக்கிவருகிறார். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு உருவத்தையும் ஒலியையும் இணைக்கும் இந்தப் பாதை சீக்கிரம் அமைவதில்லை. அறிவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அளவுகோலைப் பொறுத்துக் கணக்கு மாறும் என்றாலும், நூறு பிள்ளைகளில் ஐந்து முதல் பத்துப் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நாற்பது பேர் உட்காரும் ஒரு வகுப்பில் குறைந்தது இரண்டு பேர். குடும்பத்திலும் இறங்கும். “அவங்கப்பாவும் இப்படித்தான் சார், பேப்பரை வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருப்பாரு” என்று அந்தப் பையனின் அம்மா என்னிடம் சொன்னது தற்செயலாக இருக்காது.

இதை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. வீடு மாற்றும்போது பரணிலிருந்து என் தம்பியின் நான்காம் வகுப்பு நோட்டு கிடைத்தது. ‘விளையாடு’ என்று நூறு தடவை எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். முதல் ஏழு சரி. எட்டாவதில் ‘விலையாடு’ என்று ஆகிறது. அதிலிருந்து பக்கம் திரும்பியும் விலையாடுதான். தொண்ணூற்று மூன்று தடவை தப்பை எழுதிக் கைக்குப் பழக்கிக்கொண்டு போயிருக்கிறான். அடியில் சிவப்பு மையில் ‘கவனம் இல்லை’. எழுதியவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானே அவன் தலையில் எத்தனையோ முறை குட்டியிருக்கிறேன். தெருக்கூத்து பார்த்துவிட்டு வந்தால் வசனத்தை வரி பிசகாமல் ஒப்பித்துக் காட்டுவான். அப்படிப்பட்டவன் படிக்க மட்டும் வணங்க மாட்டேன் என்கிறான், திமிர் என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பினோம். ஒன்பதாவதோடு நின்றான். இன்றைக்கும் வங்கியில் சலான் நிரப்ப மகளைக் கூட்டிக்கொண்டு போகிறான்.

‘ஐன்ஸ்டைனுக்கே டிஸ்லெக்சியா இருந்ததாம்’ என்று ஆறுதல் சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அதற்குச் சான்று கிடையாது. இருந்தாலும் அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம். படிக்கத் தெரியாததற்கு ஈடாக என் தம்பி மேதையாகி இருக்க வேண்டியதில்லை. அவனுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். சொல்லிக்கொடுக்க முடியும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது? அமெரிக்காவின் அயோவாவில் மூளை, நரம்பு மருத்துவராக இருந்த சாமுவேல் ஆர்ட்டன் 1925-ல் இந்தப் பிள்ளைகளைப் பற்றி எழுதத் தொடங்கினார். அவருடன் சேர்ந்து அன்னா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியை 1930-களில் பாடமுறை ஒன்றை வகுத்தார். இன்று உலகம் முழுக்க ஆர்ட்டன்–கில்லிங்ஹாம் என்ற பெயரில் கிளை விட்டிருப்பது அதுதான். சாரம் இவ்வளவே: எதையும் பிள்ளை தானாகப் பிடித்துக்கொள்ளும் என்று விடாதே. ஓர் ஒலி, அதற்கு ஓர் எழுத்து. பார், சொல், கேள், விரலால் எழுது, நான்கும் ஒரே நேரத்தில். அது உறுதியான பிறகு அடுத்தது. ஒலியையும் எழுத்தையும் வெளிப்படையாக, வரிசையாகக் கற்பிப்பதுதான் பலன் தருகிறது என்று அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-ல் ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னதும் இதே திசையில்தான்.

இதில் மணல் தட்டு எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் சென்னை எழும்பூரில் வந்து நிற்கிறோம். 1787-ல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக எழும்பூரில் 1789-ல் தொடங்கிய விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். ஒருநாள் நம்மூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றைக் கடந்து போகிறார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொல்கிறார்கள். பெல் அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுபோனார். அவருடைய ஆசிரியர்கள் மறுத்ததால் ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாக்கினார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது பிரிட்டன் முழுக்கப் பரவியது. ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் மணல் மேசைகள் வந்தன.

அந்த மணலிலிருந்து ஆர்ட்டன் வரைக்கும் நேர்க்கோடு இழுக்க முடியாது, இழுக்கவும் மாட்டேன். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தைத் தூக்கிவைத்துக் கொண்டாடவும் மனம் வரவில்லை. பாடம் ஒப்பிக்காத பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிட்டுக் கோதண்டம் போட்ட இடம் அது. எத்தனையோ சாதிப் பிள்ளைகளைத் திண்ணைப் பக்கமே அண்டவிடாத இடமும்கூட. ஆனால் விரலும் வாயும் காதும் ஒன்றாகப் போக வேண்டும் என்ற அறிவு நம்மிடம் இருந்தது. நோட்டும் பென்சிலும் வந்தபோது கையெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாயை மூடிவிட்டோம். “சத்தம் போடாம எழுது” என்பதுதான் இன்றைய வகுப்பறையில் அதிகம் கேட்கும் கட்டளை.

மணலில் மந்திரம் எதுவும் இல்லை. மணலில் வேகமாக எழுத முடியாது, அவ்வளவுதான் விஷயம். விரல் மெல்லப் போகும்போது ஒலியும் கூடவே போக நேரம் கிடைக்கிறது. தப்பு வந்தால் ஒரு தடவு, போய்விடும். சிவப்பு வட்டம் போட அங்கே இடமில்லை.

நான் போன இரண்டாவது நாள், டீச்சர் பாதி நேரம் அட்டையையே எடுக்கவில்லை. எல்லாம் காதுக்கும் வாய்க்கும்தான். “பட்டம் சொல்லு. ப-வை எடுத்துட்டு வ போடு.” “வட்டம்.” “வ-வுக்குப் பதிலா ச.” “சட்டம்.” “க?” “கட்டம்.” பையனுக்கு இது விளையாட்டு. பிறகு ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்து ‘ல’ சொல்லச் சொன்னார். நாக்கு நுனி எங்கே தொடுகிறது? “பல்லு பக்கத்துல.” ‘ள’? “மேல, மடங்கி.” தமிழ்ப் பிள்ளைக்கு ல, ள, ழ மூன்றையும் உருவத்தால் பிரித்துக் காட்டிப் பயனில்லை. வாய் பிரிக்காததைக் கை பிரித்து எழுதாது. ஒவ்வொரு எழுத்தும் வாயில் எங்கே பிறக்கிறது என்று தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இருக்கிறது. இலக்கண வகுப்பில் மதிப்பெண்ணுக்காக அதைப் படித்தோம். இங்கே கைக்கண்ணாடியோடு அது பாடமாக நடக்கிறது. என் தம்பியின் ‘விலையாடு’ அந்தக் கண்ணாடியில் தீர்ந்திருக்கும் என்று தோன்றியது.

247 எழுத்து என்று சொல்லி மலைக்க வைப்பதுதான் நாம் செய்யும் முதல் தப்பு. பிள்ளை கற்க வேண்டியது உயிர் பன்னிரண்டும், மெய் பதினெட்டும், கொஞ்சம் குறியீடுகளும்தான். அதிலும் ட, ப, ம மூன்றும் புள்ளியும் தெரிந்தாலே படம், பட்டம், மடம், மட்டம் என்று படித்துவிடலாம். ‘படிக்கிறோம்’ என்ற உணர்வு முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது. பிறகு துணைக்கால், அடுத்து விலங்கு. கொம்புகளை டீச்சர் வேண்டுமென்றே தள்ளிவைக்கிறார். கொம்பு போடும்போது பையன் முதலில் மெய்யின் ஒலியைச் சொல்லிவிட்டு, மணலில் அந்த எழுத்தை எழுதிவிட்டு, அப்புறம்தான் இடப்பக்கம் திரும்பிக் கொம்பை வைக்கிறான். வழக்கமான எழுத்து வரிசைக்கு எதிரானது இது. ஒலி வரும் வரிசையில் கை போகட்டும் என்கிறார். பழகிய பிறகு வரிசையைத் திருப்பிக்கொள்ளலாம்.

உகரத்தில்தான் பெரிய போராட்டம். மற்ற உயிருக்கெல்லாம் ஒரே குறி எல்லா மெய்யோடும் ஒட்டுகிறது. உகரமும் ஊகாரமும் மட்டும் ஆளுக்கொரு வேஷம் போடும். ஆனால் உகரத்தின் வேஷம் பதினெட்டு இல்லை, மூன்றுதான்: கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம், சு, பு, யு, வு, ஙு ஒரு குடும்பம், து, நு, ணு, னு, லு, று, ஞு இன்னொன்று. டீச்சர் மூன்று நிற அட்டைகளில் இவற்றைப் பிரித்து ஒட்டி வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தால் பிள்ளைக்குச் சுமை ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது. நானே அன்றைக்குத்தான் இதை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை ஏற்று ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றை மற்ற எழுத்துகளைப் போலவே ஆக்கியது. அந்த முடிவால் மூச்சு விட்ட பிள்ளைகளில் இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! உகரம் அப்படியே நின்றுவிட்டது. ‘வௌவால்’ என்று எழுதினால் ‘வெளவால்’ என்று படிக்க இன்னும் இடம் இருக்கிறது.

இன்னொரு முடிச்சு எழுத்தில் இல்லை, பேச்சில் இருக்கிறது. பிள்ளை “அவங்க வந்தாங்க” என்று பேசுகிறது; புத்தகம் ‘அவர்கள் வந்தார்கள்’ என்கிறது. திணறித் திணறிக் கூட்டிச் சேர்த்த பிறகும், வாயில் விழுந்த சொல் தனக்குத் தெரிந்த சொல்லாக இருப்பதில்லை. ஆகவே அந்த டீச்சர் எழுதித் தரும் முதல் வாசகங்கள் பேச்சில் உள்ள சொற்களாகவே இருக்கின்றன. தமிழாசிரியர்கள் சிலர் இதற்கு முகம் சுளிக்கிறார்களாம். அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: கொஞ்சம் பொறுங்கள். பிள்ளை முதலில் படிக்கட்டும். செந்தமிழ் எங்கும் ஓடிவிடாது.

இவ்வளவு முடிச்சு இருந்தும், எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவில் தமிழ் ஆங்கிலத்தைவிட நாணயமானது. க ஒன்றே கல், பகல், சங்கு மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கும் என்றாலும், அதற்கு ஒழுங்கு உண்டு. ஆங்கிலத்தில் 26 எழுத்தை வைத்துக்கொண்டு 44 ஒலியைச் சமாளிக்கிறார்கள். எரால்டோ பவுலேசு என்ற ஆய்வாளரின் குழு 2001-ல் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டது. டிஸ்லெக்சியா உள்ள இத்தாலியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் மூவருக்கும் மூளையில் ஒரே இடத்தில்தான் தளர்ச்சி. ஆனால் எழுதியபடியே படிக்கும் இத்தாலிய மொழிக்காரர்கள் மற்ற இருவரையும்விடத் திருத்தமாகப் படித்தார்கள். எழுத்துமுறை நேர்மையாக இருந்தால் பாரம் குறைகிறது.

இங்கே நடப்பதோ நேர்மாறு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இந்தப் பிள்ளைகளுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம் சலுகைகள் தருகிறது: சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு. தேவையான சலுகைகள், இவற்றுக்காகப் பல பெற்றோர் அலைந்து போராடியிருக்கிறார்கள். ஆனால் மொழி விலக்கு என்றதும் நான் பேசிய பெற்றோரில் அநேகம் பேர் கழற்றிவிட்டது தமிழைத்தான். ஆங்கில வழிப் பள்ளியில் வேறு வழியில்லை என்கிறார்கள். அவர்கள் நிலைமை புரிகிறது. இருந்தாலும் வாயில் இருக்கும் மொழியை, எளிதாக ஏறக்கூடிய படியை, முதலில் உடைத்துவிட்டு உயரமான படியில் பிள்ளையை ஏறச் சொல்கிறோம். இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழில் முதலில் படிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போவதுதான் முறை என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்குத் தமிழுக்கென்று கருவி வேண்டும். மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015-ல் இந்திய மொழிகளுக்காக ‘டாலி’ என்ற பரிசோதனைத் தொகுப்பை வெளியிட்டபோது முதலில் வந்தவை இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம். சென்னையில் 1990-களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் பல ஆசிரியர்களைப் பயிற்றுவித்திருக்கிறது. எனினும் மாவட்டங்களில் ஒரு சிறப்புப் பயிற்றுநர் கையில் கிடைப்பது பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்காகச் செய்த பயிற்சித்தாள். உகரத்தின் மூன்று குடும்பமும், கொம்பின் இடமும் அதில் இருக்காது. அந்த டீச்சரின் அட்டைகள் அவரே வெட்டி ஒட்டியவை.

சட்டம் 2016-ல் வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் பட்டியலிட்ட 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. சான்றிதழுக்கான மதிப்பீடு எட்டு வயதிலிருந்துதான் என்றது 2018-ல் வந்த வழிகாட்டுதல். சான்றிதழுக்கு அது சரியாக இருக்கலாம். உதவிக்குச் சரியில்லை. ‘பட்டம்’ என்பதில் ப-வை எடுத்துப் பார்க்க முடியாத பிள்ளையை ஒன்றாம் வகுப்பிலேயே அடையாளம் காணலாம். தட்டிச் சொல்லவும் மணலில் எழுதவும் யாருடைய கையெழுத்தும் முத்திரையும் தேவையில்லை. தமிழக அரசு 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிக்கிறார்கள். அரும்பிலேயே நிற்கும் பிள்ளை ஏன் நிற்கிறது என்று ஒரு கேள்வியை அங்கே சேர்த்தால் பாதி வேலை முடியும். மீதி வேலை நேரம். தினமும் அரை மணி, ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ. வாரத்தில் இரண்டு நாள் வந்துபோகும் ஒருவரால் அது முடியாது. வகுப்பாசிரியருக்கே இதைக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

“திங்கக்கிழமை நான் வர்றதுக்குள்ள பாதி மறந்திருப்பான் சார். மறுபடி முதல்லேர்ந்து,” என்றார் டீச்சர். குரலில் சலிப்பு இல்லை. கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே பையனுக்கு அன்றைய கடைசிச் சொல்லைக் கொடுத்திருந்தார்: பட்டம். அவன் மணலை உள்ளங்கையால் சமப்படுத்தினான். வாயில் சொல்லிக்கொண்டே எழுதினான். எழுதியது ‘படம்’. டீச்சர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பையன் விரலை ஒவ்வொரு எழுத்தின் கீழும் வைத்துத் தட்டினான். “ப… ட… ம்.” நிறுத்தினான். இன்னொரு முறை தொடையில் தட்டினான், இந்த முறை நாலு தட்டு. டீச்சர் முகத்தை அவன் பார்க்கவில்லை, மணலைத்தான் பார்த்தான்.

“ட் உட்டுட்டேன் டீச்சர்” என்றான். தடவி அழித்துவிட்டு மறுபடி ‘ப’ எழுதினான்.